இடது பக்க இருக்கை

ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளன் ஒருவன் தன் சொந்த லைசென்சைப் புதுப்பிக்கப் போய், கண் பரிசோதனையில் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் வாயாலும் ஒருமுறை வரட்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். மந்தைவெளியில் எனக்குப் பழக்கமான டாக்டரிடம் போனேன். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும் வரிசைகள். என் கண்ணுக்கு அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே எல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷ சர்வீசில் அந்த அட்டையை எத்தனை கிளினிக்கில் பார்த்திருப்பேன்! மனப்பாடம். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிசை வரை ஆங்கில எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, லேசாகத் தயங்கவும் செய்தேன். நடிப்பு என்றால் அதுவல்லவா நடிப்பு.

டாக்டர் பேனாவை மூடினார்.

"சார், அது தமிழ் சார்ட். போன மாசம்தான் மாத்தினோம்."

மேலே இருந்த பெரிய எழுத்து என்ன என்றாவது நான் கவனித்திருக்கலாம். ஆனால் மனப்பாடம் செய்தவன் எதற்குப் பார்க்க வேண்டும்? இரண்டு கண்ணிலும் புரை என்று எழுதி, கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி என் பழைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இளைய ஆய்வாளர்கள் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "இப்பல்லாம் டெஸ்ட் டிராக்ல கேமராவே பாத்து மார்க் போட்டுடுது சார். அப்பல்லாம் நீங்க வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னதான் சார் பாத்தீங்க?"

நியாயமான கேள்வி. கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசிக்க வசதியான கேள்வியும்கூட.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமா, ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் கிரீஸ், தேர்வாணையப் பரீட்சை, பிறகு மூன்று ஊர்களில் லாரிகளுக்கு அடியில் படுத்து எழுந்தது. அந்த மூன்று ஊரிலும் நான் கற்றது ஒன்றுதான்: டெஸ்டுக்கு வருகிறவன் சாலையைப் பார்க்க மாட்டான், ஆய்வாளரின் பேனாவைத்தான் பார்ப்பான். பேனா தாளைத் தொட்டால் போதும், கிளட்சை விட்டுவிடுவான். இந்த அறிவோடு தென் சென்னையில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம்.

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழிப் படிவம் உண்டு. வலிப்பு வருமா, திடீரென்று மயக்கம் வருமா, இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா, கை கால் சரியாக இருக்கிறதா, வண்டி ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்கும். கேட்பது அரசாங்கம், பதில் சொல்வது புரோக்கர். அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் மேஜை போட்டிருந்தவர்களிடம் இந்தப் பதில்களுக்கென்றே ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. ஒரே குத்து, அத்தனை கேள்விக்கும் விடை விழுந்துவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தச் சிரமமும் இல்லை. ஒரே ஒரு டிக். எங்கள் அலமாரியை நம்பினால் தென் சென்னையில் சர்க்கரை நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. அடையாறிலிருந்து கோபாலபுரம் வரை சகலரும் கழுகுப் பார்வையோடும் யானைப் பலத்தோடும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான், உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால் எங்களுக்குக் கை கால் ஓடாது.

அப்படி வந்த முதல் ஆள் மயிலாப்பூர்க்காரர். கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப்பிக்க வந்த இடத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா கட்டத்தை விட்டு வெளியே ஓடியது. திரும்பப் போட்டார், திரும்ப ஓடியது.

"கையெழுத்துதான் ஆடறது. ஸ்டியரிங்கைப் பிடிச்சா நின்னுடும். வேணும்னா பாருங்கோ" என்றார். கை நடுக்க நோய் என்று டாக்டர் சொன்னதையும் ஒளிக்கவில்லை.

சந்தேகம் வந்தால் சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்க்கலாம். அவருடைய காரிலேயே ஏறினேன். அவர் சொன்னது உண்மைதான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை அப்படியே அடங்கிவிட்டது. கையெழுத்துக் கட்டத்துக்குள் நிற்காத கை, கச்சேரி ரோட்டில் மாட்டுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே நூல் பிடித்தது போலப் போயிற்று. பாஸ் என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.

லஸ் முனையில் சிவப்பு. நின்றோம். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை.

"மாமா, கிரீன்."

"தெரியறது."

"கிளம்பலாமே."

"நானும் அதைத்தான் சொல்லிண்டிருக்கேன், கால்கிட்ட."

கீழே பார்த்தேன். பிரேக் மேல் வைத்த கால் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹாரனிலேயே எங்களைத் தூக்கி எறியப் பார்த்தது. பேராசிரியரிடம் பதற்றமே இல்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், கரும்பலகையில் யாரோ எழுதிவிட்டுப் போன புதுக் கணக்கைப் பார்ப்பது போல.

"பாருங்கோ, கால் என்னோடதுதான். செருப்பும் என்னோடதுதான். ஆனா சொன்னா கேக்க மாட்டேங்கறது."

கொஞ்ச நேரத்தில் அது தானாகவே விட்டுக்கொடுத்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை என் கையில் வைத்தார்.

"எழுதிக்கோங்கோ."

"என்னன்னு மாமா எழுதறது?"

"ஃபெயில்னுதான். எத்தனை பசங்களுக்குப் போட்டிருக்கேன்! எனக்கு ஒண்ணு போட யோசிக்கப்படாது."

அவரை அவர் காரிலேயே வீட்டில் கொண்டுவிட்டேன். அன்று முழுக்க என் காலை நானே அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் போ என்றால் போகிறதே, இதில் எவ்வளவு பெரிய தயவு அடங்கியிருக்கிறது என்று.

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, எங்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலராக வந்தவர் திலகவதி மேடம். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவர். நேரடித் தேர்வில் வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு சொல்: "வாசிங்க."

"மேடம், ரூல்ல அப்படித்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் போதும். புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்து, சொன்னவரின் பக்கம் திருப்புவார். "வாசிங்க, கேக்கறேன்." முற்றுப்புள்ளி வரை வாசித்தாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்கேலை ஒரு விரலால் மெல்லத் தட்டுவார். வாசித்து முடிக்கிறபோது, ரூலில் அப்படி இல்லை என்பது வாசித்தவருக்கே தெரிந்துவிடும். திட்டு வாங்குவது சுலபம். நம் வாயாலேயே நம்மைத் திட்டிக்கொள்வது கஷ்டம். அலுவலகத்தில் எல்லோரும் ரூல் என்ற வார்த்தையையே மறந்து "வழக்கமா இப்படித்தான் மேடம்" என்று பேசக் கற்றுக்கொண்டார்கள். நான் நிறையப் புத்தகம் படிக்கிறவன் என்று பேர் வாங்கியவன். படித்தது எல்லாம் நாவல்.

இந்த மேடம் இருந்த காலத்தில்தான் சண்முகவடிவு அம்மாள் வந்தார்.

தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மரத்தடி மேஜையில் விண்ணப்பம் போட உட்கார்ந்தவர், எழுந்து நேரே என் அறைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே புரோக்கர் குமார் ஓடிவந்தான்.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். அக்காவுக்கு லெப்ட் கண்ணு இல்ல. வச்ச கண்ணு, பாத்தா யாருக்கும் தெர்யாது. டாக்டரு கையெய்த்து நம்ம கைல ரெடியா கீது. பேசாம குந்து, பத்து நிமிசம்னு சொல்றேன். உள்ள போய் சொல்லியே தீருவேன்னு நிக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் சொல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

கடையில் புதுச் சரக்குப் பிரிக்கும்போது, பாத்திரப் பெட்டியைக் கட்டியிருந்த இரும்புப் பட்டை அறுந்து துள்ளி அடித்ததாம். இரண்டு வருஷத்துக்கு முன்பு. அதற்கும் முன்பு இருபது வருஷம் கார் ஓட்டியவர். இப்போது லைசென்ஸ் முடிகிறது.

"ஏம்மா, இந்த நிலைமையில கார் ஓட்டித்தான் ஆகணுமா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் சார். வாரத்துல மூணு நாள் அடையாறு போகணும். வாடகைக் காரு கூப்பிட்டா, எங்க போகணும், கேஷா ஆன்லைனாங்கான். ஆஸ்பத்திரின்னு சொன்னா கேன்சல் பண்ணிடுதான். திரும்பி வரும்போது இவருக்குக் குமட்டும். ஒருநாள் பாதி வழியில இறக்கி விட்டுட்டான் சார், கோட்டூர்புரம் பாலத்துல. வெயில்ல பாலத்துக் கைப்பிடியைப் பிடிச்சிட்டு நின்னாரு."

"டிரைவர் போடலாமே."

"மூணு பேரு போட்டாச்சு. வந்தா வாரான், வராட்டா இல்ல. ரத்தம் சுத்தம் பண்ணுத மெஷினு டிரைவருக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? பையன் கடையைப் பாக்கான், அதை விட முடியாது. நான் ஓட்டுவேன் சார். ஓட்ட முடியும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப குமார் சொல்ற மாதிரி பேசாம இருந்திருக்கலாமே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய வாக்கியமில்லை.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ரோட்டுல ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கண்ணு இல்லைன்னு தெரிஞ்சுதான் குடுத்தாங்கன்னு இருக்கணும் சார். தெரியாமக் குடுத்தாங்கன்னு இருக்கப்படாது. வண்டியில இருக்கது எங்க வீட்டுக்காரரு. ரோட்டுல போறது ஊரான் வீட்டுக்காரரு."

குமார் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முப்பது வருஷமாக எல்லோரும் சொல்லி வந்ததைச் சொன்னேன்: "ஒரு கண் இல்லாம லைசென்ஸ் புதுப்பிக்க ரூல் இல்லம்மா."

"அப்படின்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுப்பது என்றால் மேடம் கையெழுத்து வேண்டும். இருவரும் போனோம். மேடம் முழுவதும் கேட்டார். புத்தகம் வந்தது. ஸ்கேல் வந்தது. புத்தகம் என் பக்கம் திரும்பியது.

"வாசிங்க."

அந்த உறுதிமொழிப் படிவத்தின் கண் பற்றிய கேள்வியை அன்றுதான் முதன்முறையாக முற்றுப்புள்ளி வரை போய்ப் பார்த்தேன். ரப்பர் ஸ்டாம்பு விழுந்து விழுந்து மறைந்திருந்த வாக்கியம். கூட்ஸ் ரயில் மாதிரி முடிவில்லாமல் பெட்டி பெட்டியாக வந்தது. விண்ணப்பித்தவர் ஏற்கெனவே ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் லைசென்ஸ் வைத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு கண் பார்வையை இழந்திருந்தால், அவர் கேட்பது வாடகைக்கு ஓடாத சிறிய வாகனத்துக்கு என்றால், அந்த வாகனத்தில் ஸ்டியரிங் பக்கம் வெளியே கண்ணாடி பொருத்தியிருந்தால், மீதிக் கண்ணால் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தால்...

நான் நடுவில் நின்றுவிட்டேன். விரல் ஸ்கேலைத் தட்டியது. முடித்தேன்.

"என்ன புரியுது?" என்றார் மேடம்.

"கொடுக்கலாம்னு புரியுது மேடம்."

"கொடுக்கலாம்னுதான் இருக்கு. கொடுத்துடுங்கன்னு இல்ல." சண்முகவடிவு அம்மாளைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. இது உங்களுக்குச் சாதகமா முடியுமா, பாதகமா முடியுமான்னு எனக்கு இன்னும் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

கண் அறுவை நிபுணரிடமிருந்து, மீதமிருக்கும் கண்ணுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்ற அறிக்கை வந்தது. பிறகு நம்பர் பிளேட். மேடமே டேப் பிடித்து மைதானத்தில் இருபத்தைந்து மீட்டர் அளந்தார். உச்சி வெயில். குடையைக் கொண்டுபோனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். சண்முகவடிவு அம்மாள் ஒரு லாரியின் நம்பரைப் படித்தார், இன்னொரு காரின் நம்பரைப் படித்தார், காருக்குப் பின்னால் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கேட்காமலே படித்தார்.

அடுத்தது அவர் வண்டி. சிறிய வெள்ளைக் கார். மேடம் அதைச் சுற்றி வந்தார். பிறகு எங்கள் அலுவலக வாசலில் நின்ற கார்களை ஒரு பார்வை பார்த்தார். நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இடது பக்கக் கண்ணாடியைக் காது மடக்குவது போல மடக்கி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம். விரித்து வைத்தால் ஸ்கூட்டர்காரன் உடைத்துவிடுவான் என்று. ஆய்வாளர்கள் நாலு பேரின் கார்களிலும் இடது கண்ணாடி மடங்கித்தான் இருந்தது, என்னுடையது உட்பட. வெள்ளைக் காரில் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. இடது கண்ணாடியின் மூலையில், லாரிகளில் இருப்பது போல ஒரு சின்ன உருண்டைக் கண்ணாடி வேறு ஒட்டியிருந்தது. நான் மெதுவாகப் போய் என் காரின் கண்ணாடியை விரித்துவிட்டு வந்தேன்.

சாலைச் சோதனைக்கு மேடம் ஒரு நிபந்தனை வைத்தார். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதாது. அவர் எந்த வழியில், எந்த நாளில், யாரை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறாரோ, அதே வழி, அதே நாள், அதே ஆள். "அதுக்குத்தானே கேக்கறாங்க? அதைத்தான் பாக்கணும்."

பனகல் பார்க் அருகே வீட்டு வாசலில் ஏறினோம். பின் இருக்கையில் கணவர், மடியில் ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. மெலிந்து, மஞ்சள் பாய்ந்த மனிதர். அவர் பக்கத்தில் மேடம். ஆய்வாளர் என்ற முறையில் முன்னால் இடது பக்கம் நான்.

வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அந்த அம்மாளுக்குப் பார்வை இல்லாத பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பேனா அவருக்குத் தெரியாது. நானே தெரிய மாட்டேன். சர்வீசில் முதன்முறையாக, டெஸ்ட் கொடுக்கிறவர் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தார் என்றா சொன்னேன்? அதற்கு வேறு வார்த்தை வேண்டும். அவர் தலை ஓரிடத்தில் நிற்கவே இல்லை. மைனா தலையைத் திருப்புவது போல, முன்னே, இடது கண்ணாடி, இடது தோளுக்கு மேலே, முன்னே, வலது, மறுபடி இடது. திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றைக் கண் என் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போகும். நான் இருப்பதாகவே அது மதிக்கவில்லை. எனக்கு அப்பால் இருந்த சந்து, நடைபாதை, நிறுத்தியிருந்த வண்டியின் கதவு, இவைதான் அதற்கு வேண்டும். கூடவே வாய் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"சைக்கிள்காரரு... வாரும்... போயிட்டாரு. ஆட்டோ நிக்கான். நிக்கானா? நிக்கலை. ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு. பின்னால தண்ணி லாரி, அது வரட்டும்."

முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு காருக்கு இடம் விட்டே வந்தார். சென்னையில் விட்ட இடம் வீணாகாது. உடனே ஓர் ஆட்டோ அதில் நுழையும். அவர் சலிக்காமல் பின்தங்கி, மறுபடி இடம் விடுவார். அதில் இன்னொரு ஆட்டோ.

"ஏன் இவ்வளவு கேப்?" என்று கேட்டேன்.

"ஒத்தக் கண்ணுக்குத் தூரம் தெரியாது சார்." திரும்பாமலே சொன்னார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல, செம்புல இருந்து டம்ளர்ல தண்ணி ஊத்தினா தரையில போயி விழும். அழுதேன். அப்புறம் கடையில டம்ளருக்கா பஞ்சம்? வரிசையா அடுக்கி வச்சு ஊத்திப் பழகினேன். முதல்ல அண்டா, அப்புறம் குடம், அப்புறம் செம்பு, கடைசியில மருந்து ஊத்துத சின்ன டம்ளரு. அது நிறைஞ்ச அன்னைக்குத்தான் கார் சாவியைத் தொட்டேன்."

என் பேனா கையில் அப்படியே இருந்தது. அண்டாவிலிருந்து டம்ளர் வரை இறங்கி வந்த ஒரு பெண்ணுக்கு நான் மார்க் போட உட்கார்ந்திருக்கிறேன். கோயில் கருவறைக்குள் டிக்கெட் பரிசோதகனாகப் போனது போல இருந்தது.

வெங்கட்நாராயணா சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள். ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். இடது பக்கம் முழுக்க ஆள் உயரத் தகரம், நடுவில் ஓர் இடைவெளி. வழி காலி. பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. சண்முகவடிவு அம்மாள் திடீரென்று வண்டியை நிறுத்தினார்.

போச்சு என்று நினைத்தேன். பேராசிரியரின் கால் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பின்னால் பார்த்தேன். மேடத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த நொடி, தகரத்தின் இடைவெளியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் அம்பு போலப் பாய்ந்தது. சாப்பாடு கொண்டுபோகும் இளைஞன், முதுகில் பெரிய பை, எதிர்த்திசை. எங்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் சறுக்கி நின்றான். நாங்கள் நகர்ந்திருந்தால் அவன் என் மடியில்தான் வந்து உட்கார்ந்திருப்பான்.

உயிர் பிழைத்தவன் ஜன்னல் பக்கம் குனிந்தான். "இன்னாக்கா நீ, நடு ரோட்ல வண்டிய நிறுத்திக்கினு கீற! நாங்கல்லாம் எப்டிப் போறது?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன்.

"தகரத்துக்கு அடியில டயர் உருண்டுச்சுல்லா சார்."

தகரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருப்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு கண்களும் அந்தப் பக்கம்தான் இருந்தன. ஜன்னலோரமாக, தகரத்தைக் கையால் தொடும் தூரத்தில். இல்லாத கண் பார்த்திருக்கிறது. இருந்த கண்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை. நந்தனம் சிக்னல், கோட்டூர்புரம் பாலம், காந்தி மண்டபம் சாலை எல்லாம் வந்து போயின. பாலத்தில் ஏறும்போது மட்டும் அவர் முணுமுணுப்பு நின்றது. கணவர் வெயிலில் நின்ற இடம் அது என்று நினைத்துக்கொண்டேன். இறங்கியதும் மறுபடி தொடங்கியது. தினம் ஆயிரக்கணக்கான பேர் இந்த ஊரில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம். கண் பார்க்கும், கால் கேட்கும், மூளை விழித்திருக்கும் என்று ஏதோ எழுதி வாங்கிக்கொண்டு வந்தது போல ஓட்டுகிறோம். அந்த அம்மாள் ஒருவர்தான் எதையும் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடையாறில் ஆஸ்பத்திரி வாசல். வண்டி நடைபாதைக்கு ஒட்டி, கோடு கிழித்தது போல நின்றது. எல்லோரும் இறங்கினோம். சண்முகவடிவு அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். வழியெல்லாம் ஓயாமல் திரும்பிய தலை இப்போது அசையவில்லை.

மேடம் என்னைக் கேட்டார். "நீங்க என்ன எழுதப்போறீங்க?"

"பாஸ் மேடம்." சொல்லும்போதே அந்த வார்த்தை பரிதாபமாக இருந்தது. வேறு வார்த்தைக்குப் படிவத்தில் இடமில்லை.

"சொந்த வண்டி மட்டும்" என்றார் மேடம் அந்த அம்மாளிடம். "கண்ணாடி ரெண்டும் இப்படியே விரிஞ்சிருக்கணும். வருஷா வருஷம் கண் டாக்டர் ரிப்போர்ட் கொண்டாங்க. அந்தக் கண்ணுல கொஞ்சம் குறைஞ்சாலும் நீங்களே வந்து சொல்லணும். சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டு வைக்கறேன்."

சண்முகவடிவு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். சக்கர நாற்காலி கொண்டுவர வேகமாக உள்ளே போனார். மேடம் தெருவைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார். கர்ச்சீப் வெளியே வந்தது. எதற்கு என்று பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

கணவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு மனசு ததும்பிக்கொண்டிருந்தது. யாரிடமாவது கொட்டியாக வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, முப்பது வருஷ சர்வீசுல இப்படி ஒரு டிரைவிங்கை நான் பாத்ததில்லை. ஒரே கண்ணு, ஆனா இடது பக்கம் ஒரு புல் அசைஞ்சாக்கூடத் தெரியுது. நீங்க கொடுத்து வச்சவர்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மனைவி போன பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீங்க இன்னைக்குத்தான் சார் பாக்கிய. நான் இருபது வருசமா இவ கூட உக்காந்து வாரேன். ரெண்டு கண்ணும் இருந்தப்ப, ரோட்டுக்கு இடது பக்கம்னு ஒண்ணு உண்டுங்கதே இவளுக்குத் தெரியாது."